பாட்டையா வீட்டில் விருந்தினர் அறைகள்: வயரிங்கை எங்கே தொடங்குவது?

கேள்வி: கானாடுகாத்தானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பாட்டையா கட்டிய வீடு இருக்கிறது. பங்காளிகள் எல்லாரும் கூடிப் பேசி, இரண்டாங்கட்டில் உள்ள ஆறு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது என்றும், பின்கட்டுச் சமையலறையில் அவர்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய முன்கட்டும்) குடும்பத்தின் உபயோகத்துக்கே. உள்ளூர் வயர்மேன், “இருக்கிற லைனிலேயே அறைக்கு ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் போட்டால் போதும், வீட்டு லைன் கடை லைன் எல்லாம் ஒன்றுதான்” என்கிறார். சென்னையிலிருந்து வந்து பார்த்த ஒப்பந்ததாரர், “இது கமர்ஷியல், சுவரை வெட்டி எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும்” என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன், 12 அடிக்கு ஒரு சாக்கெட் கட்டாயம் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டு மீட்டரிலேயே நடத்தலாமா? தை மாதத்துக்குள் வேலையை முடிக்க நினைக்கிறோம்.
– ஓர் ஆச்சி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

வயர்மேன் சொல்வதில் பாதி சரி. ஒப்பந்ததாரர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் ஒருவர் சாக்கெட்டிலிருந்து பேச்சைத் தொடங்கியிருக்கிறார், இன்னொருவர் சுவரிலிருந்து தொடங்கியிருக்கிறார். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. அதை விளக்கமாக எழுதுகிறேன். மற்றவற்றை அதன் பிறகு பார்ப்போம்.

முதலில் இந்த வீட்டு லைன், கடை லைன் விஷயம். கம்பியில் வேறுபாடு கிடையாது. இரண்டுக்கும் அதே செம்பு, அதே 230 வோல்ட், ஐ.எஸ். 1293 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்ட அதே 6 ஆம்பியர், 16 ஆம்பியர் சாக்கெட்டுகள். வயரிங் வேலைக்கான ஐ.எஸ். 732 விதிநூலும் பொதுவானதே. தேசியக் கட்டட விதித்தொகுப்பு தங்கும் விடுதிகளைக் குடியிருப்பு வகையில்தான் சேர்த்திருக்கிறது. மின்வாரியமோ கட்டணம் வாங்கும்போது அதையே வணிகம் என்று பார்க்கிறது. ஆகவே ‘கமர்ஷியல்’ என்ற ஒரு பெயரை வைத்து எந்த வயர், எத்தனை சாக்கெட் என்று முடிவு செய்ய முடியாது. அந்தச் சுவிட்சைத் தொடப்போகிறவர் யார், ஒரே நேரத்தில் எத்தனை பேர் மின்சாரம் இழுப்பார்கள், இரவில் அங்கே தூங்குகிறவருக்கு வீட்டின் வழி தெரியுமா – இவற்றைத்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்த உங்களுக்கு எந்தச் சுவிட்ச் பெட்டியை ஈரக் கையோடு தொடக்கூடாது என்று தெரியும். நேற்று வந்து இறங்கியவருக்குத் தெரியாது. அவருடைய குழந்தைக்கோ அறவே தெரியாது. வேலை மாறுவது இதனால்தான்.

இனி, இருக்கிற லைனைப் பற்றி. மெயினை அணைத்துவிட்டு, இரண்டாங்கட்டில் ஏதாவது ஒரு மூலையில் வயர் போகும் மரப்பட்டையான கேசிங்கின் மூடியை ஒரு முழ நீளத்துக்கு மட்டும் கழற்றிக் காட்டச் சொல்லி வயர்மேனிடம் கேளுங்கள். பல பழைய வீடுகளில் அதற்குள் இரண்டு பள்ளங்கள் இருக்கும். பள்ளத்துக்கு ஒன்றாக இரண்டு வயர்கள், மேலே பருத்தி நூல் பின்னல், அதற்குள் கறுப்பு ரப்பர். ரப்பரில் உள்ள கந்தகம் செம்பை அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் கம்பிக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். அதனால் கம்பி வெள்ளையாகத் தெரியும். நேராகப் போகும் இடத்தில் வயர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். விளக்குக்குப் பக்கத்தில் வளையும் இடத்தை லேசாக அசைத்தால் ரப்பர் செதில் செதிலாக உதிரும். அப்படி உதிர்ந்தால் அந்த லைனில் ஒரு சாக்கெட்கூடச் சேர்க்கக் கூடாது. 16 ஆம்பியர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே இருப்பது இரண்டே வயர்கள். ஒன்று மின்சாரம் வரும் பேஸ், ஒன்று அது திரும்பிப் போகும் நியூட்ரல். மூன்றாவதான எர்த் வயர் கிடையாது. பிற்காலத்தில் ஃபிரிஜ்ஜுக்காக மூன்று துளை சாக்கெட் வைத்திருந்தால், அதன் மேல் துளைக்கு என்ன இணைப்புக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. அதைவிட மோசமாக, நியூட்ரலிலிருந்து ஒரு சிறு துண்டு வயரை எடுத்து எர்த் துளையோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். டெஸ்டரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்துபோனால், அந்தச் சாக்கெட்டில் செருகியிருக்கும் ஃபிரிஜ்ஜின் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். இந்த முடிச்சு ஒன்றாவது இருந்தால், வாடகைக்கு விடுவது அப்புறம், குடும்பத்தாரே அங்கே இருப்பதற்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள்.

எர்த் குழி இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நம் பக்கத்து மண்ணில் போதாது. செம்புராங்கல் பூமி. மழைக்காலம் முடிந்து சில வாரங்களில் மேல்மண் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளாது. ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் வீட்டு எர்த்தின் தடை 9 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 9 ஓம் ஒன்றும் மோசமான எர்த் இல்லை. கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் கசிந்து பேஸ் அதன் இரும்பு உடலைத் தொட்டுவிடுகிறது. 230 வோல்ட்டை மொத்தம் 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர் ஓடும். அந்த லைனில், மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. 16 ஆம்பியரில் இருக்கிறது. சி வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும். 23 ஆம்பியர் என்பது ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. ஒரு மணி நேரம்கூட அது விழாமல் நிற்கலாம். அந்த நேரம் முழுவதும் கீசரின் உடலிலும், அதோடு சேர்ந்த உலோகக் குழாயிலும் 207 வோல்ட் இருக்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது. இரண்டும் இருந்தும் குளிக்கப் போனவருக்குப் பாதுகாப்பு இல்லை.

இந்த இடைவெளியை அடைப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள கருவி, அந்த அளவு கசிந்தாலே 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். மேலே சொன்ன 23 ஆம்பியர் அதற்கு எழுநூறு மடங்குக்கும் மேல். எர்த் கோடையில் 9 ஓமிலிருந்து 50 ஓமாக ஏறினாலும் அது தன் வேலையைச் செய்யும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள மின் அமைப்புகளுக்குக் கசிவுப் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன. உங்கள் ஆறு அறைகள் அந்த அளவைப் பல மடங்கு தாண்டும்.

ஆர்.சி.சி.பி.யைப் பழைய லைனில் மாட்டினால் அது அடிக்கடி விழும். “கருவி சரியில்லை” என்று கழற்றி எறிவது பல ஊர்களில் நடக்கிறது. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், ஆச்சி. அது விழுகிறது என்றால் எங்கோ வயர் கசிகிறது, அல்லது இரண்டு லைன்களின் நியூட்ரல் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. கலந்த நியூட்ரலைப் பிரித்தெடுப்பது பொறுமையான வேலை. அதற்கு ஒப்பந்ததாரர் கேட்கும் கூலி நியாயமானதே.

வீட்டில் ஒரே ஓர் ஆர்.சி.சி.பி. இருந்தால் எங்கே கசிந்தாலும் வீடு முழுவதும் இருளும். குடும்பத்துக்கு அது தொந்தரவோடு போகும். ஆறு அறையிலும் புதியவர்கள் தூங்கும்போது அப்படி விடக் கூடாது. எனவே அறைக்கு ஒன்றாக, எம்.சி.பி.யும் கசிவுப் பாதுகாப்பும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. என்ற கருவியை 30 மில்லி ஆம்பியரில் போடுங்கள். மெயினில் சற்றுத் தாமதித்து விழும் 300 மில்லி ஆம்பியர் கருவி ஒன்று இருக்கட்டும். உத்தரமும் மச்சும் தேக்காக இருக்கும் வீட்டில், மெதுவாகக் கசிந்து சூடேறி மரத்தில் தீப்பிடிப்பதைத் தடுக்க இது உதவும். எர்த்துக்கு இரண்டு தனிக் குழிகள், 2.5 மீட்டர் குழாய், இரண்டுக்கும் நடுவில் 5 மீட்டராவது இடைவெளி. தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்ப வேண்டாம். பாதிக் குழாய் எப்போதோ பிளாஸ்டிக்காக மாறியிருக்கும்.

அடுத்தது சுமை. ஓர் அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1.5 கிலோவாட், கீசர் 2, கெட்டில் 1.2. கூட்டினால் 4.7 கிலோவாட். ஆறு அறைக்கு 28 கிலோவாட்டுக்கு மேல். குடும்பமாக இருக்கும்போது ஒருவர் குளித்த பிறகு இன்னொருவர் குளிப்பார். விருந்தினர்களோ எல்லாரும் காலை ஆறரைக்கு எழுந்து, எட்டு மணிக்கு ஆத்தங்குடிக்கோ திருமயத்துக்கோ கிளம்புகிறவர்கள். ஆறு கீசரும் சேர்ந்தே ஓடும். விளக்குச் சுமையைக் கணக்கிடும்போது வீட்டுக்கு மொத்தத்தில் 66 விழுக்காடு, சிறு விடுதிக்கு 75, கடைக்கும் அலுவலகத்துக்கும் 90 என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இதனால் வந்ததுதான். ஒருமுனை இணைப்பில் 28 கிலோவாட் என்றால் 120 ஆம்பியருக்கு மேல். மும்முனையில் பேஸுக்கு இரண்டு அறையாகப் பிரித்தால் ஏறத்தாழ 41 ஆம்பியர். அறைகளுக்கு மும்முனை இணைப்பு வாங்குங்கள். பழைய மெயின் பலகையில் உள்ள பீங்கான் ஃபியூஸ் இதைத் தாங்காது. அதில் யாராவது தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், ஃபியூஸ் என்ற ஒன்றே அங்கே இல்லை என்று பொருள்.

அறைக்குள் பிரிக்கும் கணக்கு எளிது. விளக்கு, விசிறி, 6 ஆம்பியர் சாக்கெட் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றில் (ஒரே எம்.சி.பி.யிலிருந்து பிரிந்து போகும் லைனில்) பத்துப் புள்ளிகளுக்கும் 800 வாட்டுக்கும் மேல் போகக் கூடாது. அதற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். 16 ஆம்பியர் சாக்கெட் ஒரு சுற்றில் இரண்டுக்கு மேல் வேண்டாம், 3000 வாட் வரை. கீசரையும் கெட்டிலையும் ஒரே சுற்றில் போட்டால் 3200 ஆகிவிடும். ஆகையால் கீசருக்குத் தனி, ஏ.சி.க்குத் தனி, இரண்டுக்கும் 4 சதுர மில்லிமீட்டர். எல்லாச் சுற்றிலும் பச்சை எர்த் வயர் கூடவே போக வேண்டும்.

தம்பி மகன் அனுப்பிய பட்டியல் பொய் இல்லை. அது வேறு வீட்டுக்கானது. அமெரிக்க மின் விதிநூலில், குடியிருப்பு அறையின் சுவர் ஓரத்தில் எந்த இடமும் ஒரு சாக்கெட்டிலிருந்து 6 அடிக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. அதைத்தான் 12 அடிக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார். விடுதி அறைகளுக்கும் அங்கே அதே விதிதான். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும்தான் அந்த இடைவெளிக் கணக்கு பொதுவாகக் கிடையாது. அங்கே சாக்கெட்டில் 120 வோல்ட், குளியலறைக் கசிவுக் கருவி சுமார் 5 மில்லி ஆம்பியரில் விழும், வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச் சட்டமும் பலகையும். சட்டத்துக்கு நடுவில் வயரை இழுத்துவிடலாம். உங்கள் சுவர் இரண்டடி கனமுள்ள செங்கலும் சுண்ணாம்பும். எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் அந்த விதி எதற்காக வந்ததோ அது நமக்கும் வேண்டும்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் இழுத்துப் போட வேண்டிய தேவையே வரக் கூடாது.

உங்கள் இரண்டாங்கட்டு அறைகள் சிறியவையாகத்தான் இருக்கும். கட்டிலின் இரு பக்கமும் ஒரு 6 ஆம்பியர் சாக்கெட்டும் போன் சார்ஜ் செய்யும் யு.எஸ்.பி. துளையும், மேசைக்கு மேல் கெட்டிலுக்கு ஒரு 16 ஆம்பியர், ஏ.சி.க்கு உயரத்தில் ஒன்று. குழந்தை கம்பியை நுழைக்க முடியாதபடி உள்ளே ஷட்டர் உள்ள சாக்கெட்டாக வாங்குங்கள். பிரெஞ்சுக்காரர்களும் மற்ற ஐரோப்பியர்களும் வரும் ஊர் என்பதால், எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் ‘யுனிவர்சல்’ சாக்கெட் போடச் சொல்வார்கள். வேண்டாம். ஐரோப்பியப் பிளக்கின் எர்த் தகடு ஓரத்தில் இருக்கும். இந்தச் சாக்கெட்டில் அது எதையும் தொடாது. பிடிப்பும் தளர்வாக இருந்து சூடாகும். நம் சாக்கெட்டையே வைத்து, நல்ல அடாப்டர் நான்கைந்து வாங்கிக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்குள் சாக்கெட் வேண்டாம். கீசரின் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும்.

இப்போது சுவர். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வெட்டாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சில் ஒரு பள்ளம் வெட்டினால், அதை மூடும் சிமென்ட் காலத்துக்கும் வடுவாகத் தெரியும். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து அடியில் குழாய் புதைப்பதும் வேண்டாம். புதுக் கல் கிடைக்கும், பல பத்தாண்டுகள் நடந்து நடந்து ஏறிய பளபளப்பு கிடைக்காது. தேக்குத் தூணில் துளை போட யாராவது துரப்பணத்தை எடுத்தால் அன்றே வேலையை நிறுத்துங்கள். எல்லா வயரையும் புதிதாகப் போட வேண்டும் என்று ஒப்பந்ததாரர் சொன்னது சரி. அதற்கு வெளிப்பரப்பில் குழாய் பதித்தாலே போதும். தாழ்வாரத்தில் உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நிழலான வரியில் மெயின் குழாய்கள் போகட்டும். அறைக்குள் கதவு நிலையை ஒட்டி ஒரே ஒரு இறக்கம். மரத்துக்கு அருகில் போகும் இடத்தில் இரும்புக் குழாய். குழாயின் உள்வெளியில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் வயரை அடைக்கக் கூடாது, சூடு வெளியேற இடம் வேண்டும். பழைய பீங்கான், பித்தளைச் சுவிட்சுகளை இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு இருந்த இடத்திலேயே விடலாம். பார்க்க வருகிறவர்கள் விரும்பிப் பார்ப்பார்கள்.

தூங்கும் அறைகளுக்குப் புகை குறைந்த, ஹாலஜன் (குளோரின் போன்ற வேதிப்பொருள்) இல்லாத வயராகக் கேளுங்கள். விலை கூடுதல்தான். சாதாரண பி.வி.சி. எரிந்தால் வரும் புகை, தீ வருவதற்கு முன்பே ஆளை மயக்கிவிடும். அறைக்கு ஒரு புகை உணரி, நடைபாதையில் பேட்டரியில் எரியும் அவசர விளக்குகள். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. இரவில் பின்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை முகப்பில் மாட்டிவிட்டால், இரண்டாங்கட்டில் இருப்பவர் எந்தப் பக்கம் ஓடுவார்? உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றிவிடுங்கள்.

சமையலறையில் கிரைண்டர், ஃபிரீஸர் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று. தரை எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் என்பதால் சாக்கெட்டுகள் மேடைக்கு மேலே இருக்க வேண்டும். கிரைண்டர் மும்முனை மோட்டாராக இருந்தால் அதன் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும். முற்றத்தில் சாரல் அடிக்கும், அங்கே மூடியுள்ள, தண்ணீர் புகாத சாக்கெட். ஜெனரேட்டர் வைத்தால் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு முனை சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும்.

வீட்டு மீட்டரில் நடத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பில் தொழில் நடத்துவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. அதிகாரிகள் கண்டறிந்தால் உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதங்களுக்கும் சேர்த்து வரும். அறைகளுக்கும் பின்கட்டுச் சமையலறைக்கும் தனி சர்வீஸ் கேட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். முகப்பும் வளவும் பழைய வீட்டு இணைப்பிலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு வயர்கூட, ஒரு நியூட்ரல்கூடக் குறுக்கே போகக் கூடாது. வீட்டுக் கல்யாணத்துக்குச் சீரியல் விளக்கு போடும்போதும் இதை நினைவில் வையுங்கள். பங்காளிகள் பலர் இருப்பதால், புது இணைப்பு யார் பெயரில், பில் யார் கட்டுவது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வேலையைத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். உங்கள் உள்ளூர் வயர்மேனை அவரோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவர் அவர்தான். வேலை முடிந்ததும் மூன்று அளவுகளை எழுதி வாங்குங்கள். வயர் உறையின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் ஒவ்வொரு சுற்றும் 1 மெக்ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆர்.சி.பி.ஓ.வும் எத்தனை மில்லி விநாடியில் விழுந்தது என்ற குறிப்பு வேண்டும். எர்த்தின் தடை எத்தனை ஓம் என்பதும் வேண்டும்.

தையில் முடித்தால் இந்த மூன்றாவது அளவு உங்களை ஏமாற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண் அப்போதும் உள்ளே ஈரமாக இருக்கும், எர்த் நன்றாகவே காட்டும். ஆகவே ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: சித்திரை வைகாசியில் ஒரு முறை வந்து எர்த்தை மறுபடி அளக்க வேண்டும், அதிகமாக இருந்தால் இன்னொரு குழாய் இறக்கித் தர வேண்டும், கடைசித் தவணைப் பணம் அதன் பிறகே.